மூன்று டெசிபெல்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், சளி போய்விட்டது. இந்த மூன்றும் முதல் வரியில் இல்லாவிட்டால் நீ மிச்சத்தைப் படிக்க மாட்டாய். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் மெஷின் முன்னால் குனிந்து குனிந்து வந்த அத்தானின் முதுகுவலி தேவலையா?

முதலில் சண்டை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "என்னடா சொல்ற, ஒண்ணும் புரியல, எதுவா இருந்தாலும் எழுது" என்று சொல்லி வைத்துவிட்டாய். இங்கே சிக்னல் முழுசாக இருக்கிறது. மெசேஜ் அனுப்பினால், "இது என்ன தந்தியா?" என்று கேட்கிறாய். இந்தக் காலத்தில் அஞ்சல்தலை எங்கே விற்கிறார்கள் என்று தேடவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

என்னை ரயில்வே எதற்குக் கடல் தாண்டி இங்கே அனுப்பியிருக்கிறது என்று அத்தான் கேட்டாராமே. சொல்லிவிடு. இந்தத் தொழிற்சாலையில் நமக்காக மூன்று பெட்டி கொண்ட பன்னிரண்டு புது வண்டிகள் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றையும் நான் அளந்து பார்த்து, ஒப்பந்தத்தில் எழுதியபடி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டி கூட வாசலைத் தாண்டாது. முதல் வண்டி இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. இங்கே இருக்கும் மேலாளரை எது கேட்டாலும் "அடுத்த வாரம்" என்கிறார். நான் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டேன். இன்று காலை "அடுத்த வாரம் லீவு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அது காதில் விழுந்தும் அவர், நான்தான் அடுத்த வாரம் லீவில் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் வண்டி அழகு. எஞ்சின் ஓட்டுநர் கேபினுக்குக் கீழே இல்லை, நடுப்பெட்டியில் இருக்கிறது. புறப்படச் சொல்லிக் கார்டு மணி அடிப்பதற்குப் பதில் உன் கண் முன்னால் பச்சை விளக்கு எரியும். ஏப்ரலில் முதல் வண்டி உன் கைக்கு வரும். நீ அதை ஓட்டிக்கொண்டு போகும்போது நான் பிளாட்பாரத்தில் நிற்பேன்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள நட்டு,

இருபத்தேழு வயதானாலும், வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றி நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் எனக்கு நட்டுதான். நாங்கள் சுகம். அத்தானுக்கு முதுகு பரவாயில்லை, வாய்தான் அதிகம்.

எழுதச் சொன்னது உன் நல்லதுக்கு. போனில் நீ குதிரை மாதிரி ஓடுகிறாய். காகிதத்தில் கொஞ்சம் நடக்கிறாய்.

எங்கள் கிழவண்டி வழக்கம்போலத்தான். முப்பத்தெட்டு வருடத்து வண்டி. எஞ்சின் என் இருக்கைக்கு நேர் கீழே இருப்பது உனக்குத் தெரியுமே. டீ கிளாஸை மேசையில் வைத்தால் அது தானாக நடந்து உதவி ஓட்டுநர் பக்கம் போய்விடும். "மேடம், உங்க டீக்கு என்னைத்தான் பிடிச்சிருக்கு" என்பார். கேபினில் பேச்சு என்றால் கத்தல்தான். கார்டு இரண்டு மணி அடித்தால் அவர் என் தோளை இரண்டு முறை தட்டுவார், நான் வண்டியைக் கிளப்புவேன். கொஞ்ச காலமாக எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

புது வண்டிக்கான ஓட்டுநர் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கிறது. ஜூனில் எங்கள் எல்லோருக்கும் கண், காது, ரத்தம் என்று பெரிய மருத்துவப் பரிசோதனை. அதற்கு முன்னால், ஏப்ரலிலேயே, வண்டி வந்துவிடும் அல்லவா? உறுதியாகத் தெரிந்தால் எழுது. ஏன் என்று கேட்காதே. முதலாவதாக நிற்பவளுக்கு அவசரம் இருக்காதா?

வேளைக்குத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல், வகையறா. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று முதல் வண்டியின் கேபினில் சத்தத்தை அளந்தேன். முழு வேகத்தில் 76 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது என்பது ஒப்பந்தம். 79 வந்தது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் 79. கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரத்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பி, மூணு டெசிபெல். மூணே மூணு! காதுக்குள்ள கொசு போனா இதைவிட அதிகம் வரும்."

"சார், மூணு டெசிபெல்னா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. உங்க மடியில ஒருத்தர் உக்காந்தா தாங்குவீங்க. ரெண்டு பேர் உக்காந்தா?"

"யாருப்பா என் மடியில உக்காரப் போறா?"

"எங்க அக்கா அந்த சீட்ல உக்காரப் போறா. தினம் எட்டு மணி நேரம்."

தரைக்கு அடியில் ஒலி தடுக்கும் பலகையைப் பாதி கனத்தில் வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். எல்லாத் தரையையும் பிரித்து, சரியான பலகை போட்டுத் தரச் சொல்லி எழுதிவிட்டேன். ஒரு வண்டிக்கு அல்ல, பன்னிரண்டுக்கும். இதைப்போல ஒருவனும் இங்கே எழுதியதில்லையாம். ஆறு வாரம் பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்கட்டும். உன் காதுக்காகச் செய்திருக்கிறேன், ஒரு நன்றி எழுதிப் போடு.

தம்பி


மார்ச் 25

அன்புள்ள நட்டு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. வேலை. நாங்கள் நலம்தான். நீ இளைத்துவிட்டாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிப்ரவரி 20-லிருந்து ஆறு வாரம் என்றால் ஏப்ரல் முதல் வாரம். அதற்குப் பிறகு அங்கிருந்து கொண்டுவர, ஓட்டிப் பார்க்க, எங்களுக்குப் பயிற்சி கொடுக்க... மே ஆகிவிடுமா? மே முதலிலா, கடைசியிலா?

76 என்றால் எப்படி இருக்கும்? வீட்டில் எந்தச் சத்தம் மாதிரி? 79-க்கும் அதற்கும் மனுஷக் காதுக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியாதவள் கேட்கிறேன், கத்தாதே. கொஞ்சம் சத்தம் இருந்தால் பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வேடிக்கை. போன வாரம் உதவி ஓட்டுநர் விடுப்பு, புது ஆள் வந்திருந்தார். கார்டு மணி அடித்திருக்கிறார். வண்டி நகரவில்லை. மறுபடி அடித்திருக்கிறார். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். நாலு நிமிடம் கழித்துக் கார்டு மூச்சிரைக்க ஓடிவந்து, "என்னம்மா, இறங்கித் தள்ளணுமா?" என்றார். பெட்டியில் இருந்தவர்கள் கை தட்டினார்களாம். நன்றாகச் சிரித்தோம்.

அந்தப் பச்சை விளக்கு கட்டாயம் உண்டுதானே?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இளைக்கவில்லை. எரிந்துகொண்டிருக்கிறேன்.

"பரவாயில்லை" என்று நீயே எழுதினால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நம் ஊழியர்களின் பரவாயில்லையை நம்பித்தான் இவர்கள் பாதிக் கனப் பலகையை வைக்கிறார்கள். 76 என்பது நம் சமையலறை மிக்ஸி பக்கத்து அறையில் ஓடுவது மாதிரி. 79 அதைவிடக் கொஞ்சம் அதிகம். எட்டு மணி நேரம், இருபது வருடம் கேட்டுப் பார், அப்போது தெரியும் வித்தியாசம்.

நிலவரம் இது. தரையைப் பிரித்துவிட்டார்கள். பன்னிரண்டு வண்டியும் தரை இல்லாமல் எலும்புக்கூடு மாதிரி வரிசையாக நிற்கின்றன. போட வேண்டிய பலகையைச் செய்யும் கம்பெனி வேறொருவரின் ஆர்டரை முதலில் முடிக்கிறதாம். "எப்ப வரும்?" என்றேன். "அடுத்த வாரம்" என்றார். "எந்த அடுத்த வாரம்?" என்றேன். நாள்காட்டியில் ஜூலையைப் புரட்டிக் காட்டினார். முதல்முறையாக உண்மை பேசினார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை எட்டு முறை போன் செய்தேன். கடைசியில் அத்தான் எடுத்து, "தூங்கறா" என்றார். பகல் மூன்று மணிக்கு நீ எப்போது தூங்கினாய்? உடம்புக்கு ஏதாவது இருந்தால் சொல்லித் தொலை.

தம்பி


மே 11

அன்புள்ள நட்டு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. காதில் ஒரு விசில் மட்டும், ஷிப்ட் முடிந்தும் நிற்காமல் கூடவே வீட்டுக்கு வருகிறது. தூங்கினால் போய்விடும் என்று தூங்கிப் பார்த்தேன்.

நீ 76, 79 என்று எழுதியதிலிருந்து எனக்கும் ஓர் எண் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பணிமனை மெக்கானிக் ஒருவர் எங்கிருந்தோ அளக்கும் கருவியை வாங்கி வந்தார். என் இருக்கையில் தலை இருக்கும் உயரத்தில் பிடித்து, மேட்டில் ஏறும்போது அளந்தார். 97 என்று காட்டியது. கருவி கெட்டுப்போயிருக்கும் என்று தட்டிப் பார்த்தார். மறுபடி 97. இந்த எண் உனக்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பரிசோதனை ஜூன் 8.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அந்த 79-ஐ ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட முடியுமானால் போட்டுவிடேன். ஒரே ஒரு வண்டிக்காவது.

சாப்பிடு.

அக்கா


மே 19

அக்கா,

நலம் விசாரிக்கத் தைரியம் இல்லை.

79-க்கும் 97-க்கும் வித்தியாசம் பதினெட்டு. கணக்குப் போட்டால் அறுபத்துமூன்று மடங்கு. நான் இரண்டு மடங்குக்காக வண்டியை நிறுத்தி வைத்தேன். அந்த எண்பத்தெட்டு நாளும் நீ அறுபத்துமூன்று மடங்கின் மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாய். பழைய வண்டியில் எவ்வளவு என்று ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. இது ஒரு எஞ்சினியர் செய்யும் தப்பா? அளப்பவன் முதலில் பழையதை அளக்க வேண்டாமா?

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். உனக்குக் காது எவ்வளவு கேட்கிறது? தோளைத் தட்டும் பழக்கம், நாலு நிமிடம் நின்ற வண்டி, போன், எல்லாவற்றையும் இன்று வரிசையாக வைத்துப் படித்தேன். கேட்காமல் ஓட்டுகிறாய் என்றால் அது தப்பு, அக்கா. உன் முதுகுக்குப் பின்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடத் தயார் என்று உன் கடிதம் கிடைத்த அன்றே போய்ச் சொன்னேன். அடுத்த வாரத்தார் சிரிக்கவில்லை. "தம்பி, தரை இல்லாத வண்டிக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவ?" என்று மெதுவாகக் கேட்டார். பிரித்த பழைய பலகையையே திரும்பப் போடுங்கள் என்றேன். அது குறைபாடுள்ளது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். அந்தக் காகிதத்தைத் திரும்பப் பெற நம் தலைமை அலுவலகத்தில் பதினான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியிருக்கிறேன். இரண்டாமவர் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார்.

தம்பி


ஜூன் 13

அக்கா,

எட்டாம் தேதி என்ன ஆயிற்று? ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

பதினான்கில் மூன்று வந்திருக்கின்றன.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. உன் அக்கா எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்குத் துணியில் கோடு போடத்தான் வரும், காகிதத்தில் கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டு வருடமாக அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை. வாயசைவைப் பார்த்துப் பேசுவாள். என் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று சக்கரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். உன்னிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாள். இரைச்சல் இல்லாத வண்டியில் இரண்டு மாதம் ஓட்டினால் காது கொஞ்சம் தெளியும், ஜூனில் தேறிவிடலாம் என்று ஏப்ரல் மாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு போடச் சொன்னேன். நீண்ட லீவு போட்டால் பட்டியலில் பெயர் போய்விடுமாம்.

எட்டாம் தேதி நானும் கூடப் போனேன். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு எண்களைச் சொன்னார், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவளால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. கவசத்தை இறக்கிவிட்டு, "பதறாதீங்கம்மா, மறுபடி சொல்றேன்" என்றார். வாய் நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு அது போதும் மச்சான், இருபது எண்ணையும் அப்படியே ஒப்பித்திருப்பாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் சொல்லி முடிக்கும்வரை திறக்கவில்லை. வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து உன் மே மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். மறுபடி மடித்து வைத்துக்கொண்டாள். "நட்டு சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றாள். அவ்வளவுதான். உன்மேல் கோபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று தினமும் சொல்கிறாள்.

அத்தான்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான்காவது காகிதம். மூன்றைக் கிழித்துவிட்டேன். நலமா என்று எழுதினால் பொய் மாதிரி இருக்கிறது. எழுதாவிட்டால் அதைவிட மோசமாக இருக்கிறது.

என் காகிதத்தைத் திரும்பப் பெற ஒன்பது கையெழுத்து வந்ததும், இங்கே புதுப் பலகை வந்து சேர்ந்துவிட்டது. மிச்சம் ஐந்தும் இப்போது யாருக்கும் வேண்டாம். முதல் வண்டிக்குத் தரை போட்டுவிட்டார்கள். நேற்று அளந்தேன். 75. ஒப்பந்தத்தைவிட ஒன்று குறைவு. இங்கே இனிப்பு கொடுத்தார்கள். அடுத்த வாரத்தார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பிடிவாதம் பிடிச்சதாலதான்யா இவ்வளவு நல்லா வந்திருக்கு" என்றார். உண்மையாகவே சொன்னார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி வண்டி வாசலைத் தாண்டலாம். ஆனால் தாண்டவில்லை. ஏற்றிக்கொண்டு வரும் கப்பலுக்கு முறை வரவில்லையாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று விசாரித்தேன். ஒன்றும் செய்ய முடியாதாம்.

மன்னிப்பு என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எண்ணை மட்டும் எழுதுகிறேன். 75.

தம்பி


நவம்பர் 23

அன்புள்ள நட்டு,

நாங்கள் இருவரும் நலம். காதுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் அத்தான் பேசுவது கேட்கிறது. அதனால் பெரும்பாலும் கழற்றி வைத்துவிடுகிறேன். சிரி, சிரிப்பதற்குத்தான் எழுதினேன்.

பணிமனை வாசலில் எனக்கு ஒரு மேசை. எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த வண்டியை எடுத்தார் என்று பதிவேட்டில் குறிப்பது வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறார்கள். உனக்கு எழுதி எழுதி வந்த கையெழுத்து.

நேற்று முதல் வண்டி வந்துவிட்டது. எல்லோரும் பிளாட்பாரத்தில் நின்றோம். நான் தவறான பக்கம் திரும்பி நின்றிருக்கிறேன். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். பார்த்தால், வண்டி எனக்குப் பின்னால் வந்து நிற்கிறது. "சத்தமே இல்லாம வந்துடுச்சு பாருங்க" என்று எல்லோரும் பேசிக்கொண்டார்களாம்.

ஒரு காரியம் இருக்கிறது. இன்னும் பதினோரு வண்டி அங்கேதான் நிற்கின்றன. இங்கே ஒன்பது பேர் பழைய வண்டியில்தான் ஓட்டுகிறார்கள். காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரும்போது இரண்டு பேர் என் வாயைப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்குத் தெரியாதா? அவர்களிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. 75 நல்ல எண்தான். அதை நினைத்து மருகாதே.

நேற்று வண்டி வந்து நின்ற பிறகு என் பழைய உதவி ஓட்டுநர் என்னைப் புதுக் கேபினுக்குள் கூட்டிப்போனார். டெப்போ மேலாளர், மெக்கானிக், இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். "சும்மா உக்காருங்க மேடம்" என்று ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். உட்கார்ந்தேன். யாரோ டீ கொடுத்தார்கள். கிளாஸை மேசையில் வைத்தேன். அது நடக்கவில்லை. வைத்த இடத்திலேயே நின்றது. டீயில் ஒரு சின்ன அலைகூட இல்லை. மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எஞ்சின் ஓடுதா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேலாளர் கை தட்டினார். "அந்த ஃபேக்டரிக்கு இதை எழுதி அனுப்பணும், இதைவிட சர்டிபிகேட் வேணுமா?" என்றாராம். நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

உதவி ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. எதிரே பச்சை விளக்கைப் போட்டுக் காட்டினார்கள். அவர் பழைய ஞாபகத்தில் என் தோளை இரண்டு முறை தட்டினார். என் கை தானாகவே கைப்பிடியைத் தேடிப் போனது.

பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா